கேஸ் அடுப்பை யார் மாட்டுவது?

'நாக்பூர் லைசென்ஸ்' என்றால் சிவகாசியில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நாக்பூரில் தலைமையகம் கொண்ட மத்திய வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையான பெசோ, பட்டாசு ஆலைக்குத் தரும் உரிமம் அது. வீட்டு அடுக்களையில் நிற்கும் 14.2 கிலோ சிலிண்டரும் அதே துறையின் விதிகளுக்குள்தான் வருகிறது என்பது ஆலைக்குப் போய்வருகிறவர்களில் பலருக்குப் புதுச் செய்தி. செப்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்னூட்டத்தை இறக்கிய பிறகே மருந்து அறைக்குள் காலெடுத்து வைப்பவர்கள், ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று அறிந்தவர்கள், புது அடுப்பு வாங்கிவந்த அன்று மட்டும் "டியூப்பைச் சொருகுறதுல என்ன இருக்கு?" என்று தாங்களே மாட்டிவிடுகிறார்கள்.

இவ்வறிக்கையை வெளியிடும் நுகர்வோர் அமைப்பின் நிலைப்பாடு இது: காலியான சிலிண்டரைக் கழற்றிப் புதியதை மாட்டுவது வீட்டாரின் வேலை, அதை வீட்டில் எல்லோரும் கற்றிருக்க வேண்டும். புது அடுப்பை இணைப்பது, டியூப், ரெகுலேட்டர் மாற்றுவது, அடுப்பை இடம் மாற்றுவது, பர்னர், குழாயில் கை வைப்பது ஆகியவை ஏஜென்சி மெக்கானிக்கின் வேலை. தெருவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வரும் ரிப்பேர்காரரும், கம்பெனியிலிருந்து வருவதாகச் சொல்லி அடையாள அட்டை காட்டாமல் டியூப் விற்கும் ஆளும் இதில் மெக்கானிக் ஆகமாட்டார்கள்.

ஒரு நண்பர் மாட்டிக் கொடுத்த அடுப்பு ஒரு நாட்டின் நடைமுறையையே மாற்றியிருக்கிறது. லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு. 1968 மே 16 அதிகாலையில் 18ஆம் மாடியில் குடியிருந்த பெண் தேநீர் போடத் தீக்குச்சி கிழித்தார். கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. 4 பேர் இறந்தனர், அவர் உயிர் தப்பினார். அடுப்பின் குழாயை இணைத்த பித்தளை நட்டு தரமற்றது என்று விசாரணையில் தெரிந்தது. அந்த அடுப்பைப் பொருத்தியவர் அவருடைய நண்பர். 1970இல் அங்கே கேஸ் வேலை செய்வோருக்கான பதிவு முறை தொடங்கியது. இன்று பதிவு பெறாதவர் அந்த வேலையைத் தொழிலாகச் செய்வது பிரிட்டனில் குற்றம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2021 நவம்பர் 23 காலையில் சேலம் கருங்கல்பட்டியில் கசிந்திருந்த கேஸ் வெடித்து, அடுத்தடுத்த வீடுகள் இடிந்து விழுந்தன. இறந்த 5 பேரில் தீயணைப்புத் துறை அலுவலர் ஒருவரும் உண்டு. ஒரு வீட்டுக் கசிவு பக்கத்து வீட்டுச் சுவரோடு நின்றுவிடுவதில்லை. 'என் வீடு, என் அடுப்பு' என்ற வாதத்தை இந்த அமைப்பு ஏற்காததற்குக் காரணம் அதுதான்.

சிலிண்டர் மாற்றுவதை மட்டும் வீட்டாரிடம் விடுவது ஏன்? அதில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான், அதையும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். நைலான் கயிற்றை இழுத்து மூடியைக் கழற்றினால் வால்வின் வாய்க்குள் கறுப்பு ரப்பர் வாஷர் ஒன்று தெரியும். அது இல்லாவிட்டாலோ வெடித்திருந்தாலோ ரெகுலேட்டரை எவ்வளவு அழுத்தி மாட்டினாலும் கேஸ் பீறிடும். சிலிண்டர் கொண்டுவருபவரை வாசலிலேயே நிறுத்தி வால்வில் சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொல்லலாம். குமிழி வந்தால் திருப்பி அனுப்பலாம். மாட்டிய பிறகு சோப்பு நுரை தடவிப் பார்ப்பது போதும். தீப்பெட்டிக்குப் பேர்போன வட்டாரத்தில் கசிவைத் தீக்குச்சி கிழித்தே சோதிக்கும் வீடுகளும் உண்டு என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

டியூப்பின் கதை வேறு. ஆரஞ்சு நிற 'சுரக்ஷா' டியூப்பின் ஆயுள் 5 ஆண்டு. நீளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாது. அடுப்பின் மூக்கில் அது முழுசாக ஏறாமல் அரைகுறையாக நின்றாலும் அன்றைக்குச் சமையல் நடந்துவிடும். பிறகு ஒருநாள் அடுப்பைத் துடைக்க இழுக்கும்போது கழன்றுகொள்ளும். அதனால்தான் "நானே மாட்டினேன், ஒன்றும் ஆகவில்லையே" என்பதை இந்த அமைப்பு சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. கசிந்த கேஸ் காற்றைவிடக் கனமானது; தரையோடு படர்ந்து கட்டிலடிக்கும் மூலைக்கும் போகும்.

இந்த வட்டாரத்தில் அந்த மூலையில் என்ன இருக்கும் என்பதுதான் கவலை. வீட்டில் பட்டாசு தயாரிப்பது சட்டவிரோதம். ஆனாலும் நடக்கிறது, 2021 ஜூனில் தாயில்பட்டியில் அப்படித் தயாரித்த ஒரு வீடு வெடித்துச் சிறு குழந்தை உட்பட உயிர்கள் போயின. மருந்து இல்லாத வெறும் காகிதக் குழாய் சுற்றும் வேலை வீட்டில் நடந்தாலும், ஒற்றை அறை வீட்டில் அந்தக் காகிதக் கட்டுக்கு இரண்டடி தள்ளித்தான் அடுப்பு எரிகிறது. மற்ற ஊரில் டியூப் ஒழுகினால் ஒரு ஆபத்து, இங்கே இரண்டு.

மெக்கானிக் வரவில்லை என்ற புகாரில் நியாயம் இருக்கிறது. ஏஜென்சிக்குப் போன் போட்டால் நாளை என்பார்கள். நாளைக்குக் காத்திருந்தால் ஒருநாள் கூலி போகும். கூலியை விட்டுவிட்டுக் காத்திரு என்று தொழிலாளிக்குப் புத்தி சொல்வது எளிது. ஏஜென்சிகள் ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கை அனுப்ப வேண்டும், கட்டணத்தை வாசலில் எழுதிப் போட வேண்டும் என்பதை இந்த அமைப்பு வீட்டாருக்குச் சொல்லும் அறிவுரைக்கு முன்னால் வைக்கிறது. கசிவு என்றால் எந்த நேரத்திலும் 1906 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். அந்த எண் தெரிந்தவர்கள் குறைவு என்பதும் ஏஜென்சிகளின் குறைதான்.

வாடகை வீடு மாறும் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கேஸ் விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்களின் காப்பீட்டில் உயிரிழப்புக்கு 6 லட்சம் ரூபாய் உண்டு. வீட்டுச் சேதத்துக்கு 2 லட்சம் வரை கிடைப்பது பதிவான முகவரியில் விபத்து நடந்தால் மட்டும். சிலிண்டரை டிவிஎஸ் எக்ஸலில் ஏற்றிக்கொண்டு திருத்தங்கலிலிருந்து சாத்தூருக்குக் குடிபோகிறவர் முகவரியை மாற்றாவிட்டால் அந்தத் தொகையை மறந்துவிட வேண்டியதுதான். முகவரியை மாற்றப் போகும்போதே மெக்கானிக்கையும் கேட்டு வாங்கலாம்.

தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை உச்சத்தில் இருக்கும்போது ஆலைத் தொழிலாளி வீட்டில் பகலில் ஆள் இருக்காது. தீபாவளி முடிந்து ஆலைகள் சில வாரம் பூட்டிக் கிடக்கும். வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை, தாயில்பட்டி பக்கக் கிராமங்களில் வீடுவீடாக டியூப், ரெகுலேட்டர் பரிசோதனையை அந்த வாரங்களிலேயே நடத்தும்படி மாவட்ட நிர்வாகத்தையும் எண்ணெய் நிறுவனங்களையும் இந்த அமைப்பு கேட்டுக்கொள்கிறது.