வெளியில் கட்டும் கயிறும் அதன் பெயரும்

கயிறு வாங்கச் செல்வோர் பெரும்பாலும் இரண்டே வினாக்களை எழுப்புகின்றனர்: விலை யாது? எவ்வளவு பாரம் தாங்கும்? இவை தேவையான வினாக்களே. ஆயினும், திறந்த வெளியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கவேண்டிய கயிற்றுக்கு இவை போதா. வாங்கிய நாளில் அதற்கிருந்த வலிமையைவிட, இரண்டு கோடைகள் கழிந்தபின் எஞ்சியிருக்கும் வலிமையே முக்கியமானது.

இந்தியக் கடைகளில் செயற்கைக் கயிறு எதுவாயினும் அதனை ‘நைலான் கயிறு’ என்றழைக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. உண்மையில் அவற்றுட் பல நைலானே அல்ல. பாலிபுரோப்பிலீன் அல்லது பாலிஎதிலீன் ஆகும். நைலான் 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும், பாலியெஸ்டர் இழை 1941இல் இங்கிலாந்திலும், இன்று பயன்படும் வகைப் பாலிபுரோப்பிலீன் 1954இல் இத்தாலியிலும் உருவாயின. தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பினும் இவற்றின் குணங்கள் வெவ்வேறானவை.

சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் செயற்கை இழைகளின் நீண்ட மூலக்கூறுத் தொடர்களைத் துண்டிக்கின்றன. பாதுகாப்புப் பொருள் சேர்க்கப்படாத பாலிபுரோப்பிலீன் இதற்கு எளிதில் இரையாகிறது. கயிறு முதலில் வெளுக்கும். பிறகு மேற்புறம் பொடியாக உதிரும். இறுதியில் சிறு இழுப்பிலேயே அறும். கரித்தூள் கலந்த கருநிறக் கயிறு இக்கதிர்களை மேற்பரப்பிலேயே தடுத்துக்கொள்வதால் நெடுநாள் உழைக்கிறது. எனினும், வெறும் சாயத்தாலும் கருநிறம் வரக்கூடுமாதலால், நிறத்தை மட்டும் நம்புதல் தகாது.

ஆன்டெனாக் கம்பியை இரு மரங்களுக்கிடையே கட்டுவோருக்கு வேறொரு தொல்லையும் உண்டு. நைலான் வலிமையுடையதே, ஆனால் நன்கு நீளும், நனைந்தால் வலிமையும் சற்றுக் குறையும். ஆகவே கம்பி தொய்ந்துவிடும். பருத்தி, சணல் கயிறுகள் மழையில் சுருங்கிக் கம்பியை இழுக்கும், நாளடைவில் மட்கிப்போகும். தேங்காய்நார்க் கயிறு உப்புநீரையும் தாங்குமெனினும், அதன் பருமனுக்கேற்ற வலிமை குறைவு. பாலியெஸ்டர்ப் பின்னல் கயிறோ குறைவாகவே நீளும். நனைந்தாலும் வலிமை இழக்காது. வெயிலையும் நன்கு தாங்கும். நிலையாகக் கட்டுவதற்கு அதுவே ஏற்றது. மரம் காற்றில் அசையும்போது கம்பி அறாதிருக்க, ஒரு முனையில் கப்பியும் எடையும் அமைத்தல் நலம்.

பாலியெஸ்டரின் விலை மிகுதி என்பது மெய்யே. ஆயின், ஆண்டுதோறும் கயிறு மாற்றும் செலவையும், உயரத்தில் ஏறும் அபாயத்தையும் கணக்கிட்டால் அம்மலிவு மலிவாகாது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, அன்று போர்ட் பிளேர் எனப்பட்ட நகரில் தங்கியிருந்த அமெச்சூர் வானொலியினர் செய்தித்தொடர்புக்குப் பெரிதும் உதவினர். அத்தகைய வேளையில் ஆன்டெனா தரையில் கிடந்தால் நல்ல கருவியாலும் பயனில்லை. அறுந்து விழும் ஆன்டெனா மின்கம்பியைத் தொடுமானால் உயிருக்கே கேடு விளையும். எனவே, எப்பக்கம் விழுந்தாலும் மின்கம்பியை எட்டாத இடத்திலேயே அதனை அமைத்தல் வேண்டும்.

வீடுகளில் ‘கயிறு விரைவில் அறுகிறது’ என்று சலித்து, இரும்புக் கம்பியைத் துணிக்கொடியாகக் கட்டுவோர் பலர். பழுதடைந்த மின்கம்பி அதன்மீது பட்டுவிட்டால், ஈரத்துணியை உலர்த்த வருபவர் உயிரிழக்க நேரும். தரமற்ற கயிறு இவ்வாறு மறைமுகமாகவும் தீங்கு செய்கிறது.

ஆகவே, ஒவ்வொரு கயிற்றுச் சுருளின்மீதும் இழையின் உண்மைப் பெயர், வெயில் தாங்கும் பொருள் சேர்க்கப்பட்டுள்ளதா என்பது, தாங்கும் பாரம் ஆகிய மூன்றும் வாங்குவோரின் மொழியில் அச்சிடப்படவேண்டும். வெட்டி விற்கும் கடைக்காரரும் அச்சீட்டைக் காட்டக் கடமைப்படவேண்டும். அதுவரையில் எளிய சோதனையொன்று உதவும். கயிற்றின் சிறு துண்டை நீரில் நன்கு பிசைந்து, காற்றுக் குமிழிகளை வெளியேற்றி விடுக. மிதந்தால் அது பாலிபுரோப்பிலீன் அல்லது பாலிஎதிலீன். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். கோடைதோறும் கயிற்றைத் தடவிப் பார்த்து, கையில் பொடி ஒட்டினால் உடனே மாற்றுக. அறும்வரை காத்திருப்பது சிக்கனமன்று.