ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

விடுதியில் தங்கிப் படிக்கும் நமக்கு இரவு பதினொரு மணிக்குப் பசித்தாலும் கவலையில்லை. கைப்பேசியைத் தட்டினால் போதும், பரோட்டா வாசலுக்கு வந்துவிடும். கொண்டு வருபவரின் முகத்தை நாம் பார்ப்பதுண்டா? பார்க்காவிட்டாலும், அவருக்கு நட்சத்திரம் வழங்க மட்டும் மறப்பதில்லை.

எங்கள் புளோக்கில் வசிக்கும் அண்ணன் ஒருவர் மின்சைக்கிளில் உணவு விநியோகம் செய்கிறார். ஒரு நாள் காலை அவரது கணக்கு முடக்கப்பட்டிருந்தது. காரணம் கேட்டு மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் வந்தது ஒரே பதில், கணினி அனுப்பியது. நான்கு நாள் கழித்துக் கணக்கு தானாகவே திறந்தது. “காசு போனாக்கூட பரவாயில்ல தம்பி. என்ன தப்பு செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!” என்றார்.

சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல் தளமேடை ஊழியர் சட்டம் நடப்பில் உள்ளது. வேலையில் காயமடைந்தால் மற்ற ஊழியர்களுக்கு நிகரான இழப்பீடு கிடைக்கிறது. 1995ஆம் ஆண்டிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்கு உயர்த்தப்பட்ட மத்திய சேம நிதிச் சந்தா கட்டாயம். மூத்தவர்கள் விரும்பினால் சேரலாம். சங்கம் அமைத்து நிறுவனங்களோடு பேச்சு நடத்தவும் வழி பிறந்துள்ளது. இவை பாராட்டத்தக்கவை. ஆயினும், அந்த அண்ணன் கேட்டது பணமன்று, காரணம்.

“விரும்பிய நேரத்தில் வேலை செய்யும் சுதந்திரம் இருக்கிறதே!” என்பார் சிலர். உண்மைதான். ஆனால், எந்த ஆர்டர் யாருக்கு, எவ்வளவு கட்டணத்துக்கு என்பதைக் கணினி நிரலே முடிவு செய்கிறது. விதி தெரியாமல் ஆடும் ஆட்டத்தில் சுதந்திரம் ஏது? குறைவாகக் கிடைத்தாலும் கணக்குத் தெரிந்தால் மனம் ஆறும். காரணம் தெரியாத தண்டனையை மனம் ஏற்பதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய தளமேடைப் பணி விதிமுறைகள் இதற்கு வழி காட்டுகின்றன. கணக்கை முடக்கும் முடிவை மனிதரே எடுக்க வேண்டும். காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நம் நாட்டுச் சங்கங்களும் பேச்சுமேசையில் இதை முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும்.

நமக்கும் இதில் பங்குண்டு. மின்தூக்கி வர நேரமாகியிருக்கலாம், கடைக்காரர் தாமதித்திருக்கலாம். விசாரிக்காமல் ஒற்றை நட்சத்திரம் கொடுக்கும்போது, காரணம் சொல்லாமல் தண்டிக்கும் அந்தக் கணினிக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

அடுத்த முறை கதவைத் திறக்கும்போது, நண்பர்களே, அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவோமே!