கையால் செய்த கம்ப்யூட்டர்

ஐம்பது வயதைத் தாண்டிய இங்கிலாந்துக்காரர்கள் பலருக்கு ‘இசட்எக்ஸ் 81’ என்றாலே முகம் மலர்ந்துவிடும்! 1981-ல் சின்க்ளேர் கம்பெனி விற்ற வீட்டுக் கம்ப்யூட்டர் அது. தயாராக வாங்கினால் 69.95 பவுன், பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பற்றவைத்துக்கொண்டால் 49.95 பவுன்தான். நினைவகம் வெறும் 1 கிலோபைட்! திரைக்கு வீட்டு டி.வி.; எழுதியதைச் சேமிக்கப் பாட்டு கேட்கும் டேப் ரிக்கார்டர். பின்னால் செருகும் கூடுதல் மெமரிப் பெட்டி லேசாக ஆடினால் போச்சு, அதுவரை தட்டியதெல்லாம் அம்பேல்! இருந்தும் ஏன் ஏங்குகிறார்கள்? தன் கையால் செய்ததாயிற்றே! நாம் முதன்முதலில் தைத்த ரவிக்கை மாதிரி.

ஆகவே சகோதரிகளே, பிள்ளை, அது பெண்ணானாலும் சரி, பழைய பேட்டரி ரேடியோவைப் பிரித்தால் ‘கெடுத்துட்டியே!’ என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். பற்றவைக்கும் கம்பியில் காரீயம் இருக்கலாம்; ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாப்பிடும் இடத்தில் இந்த வேலை வேண்டாம். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் தின்பண்டம். பழைய பெட்டி டி.வி.யை மட்டும் திறக்க விடாதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

குழந்தை செய்த முதல் விளக்கு எரியும்போது அந்த முகத்தைப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்!