அறிவியற் சுவரொட்டியும் அன்னைத் தமிழும்

கல்லூரிகளில் கருத்தரங்கு நடைபெறும் நாள்களில், அரங்கிற்கு வெளியேயுள்ள தாழ்வாரத்தில் ஆய்வுச் சுவரொட்டிகள் வரிசையாகத் தொங்குவதைக் காண்கிறோம். அவற்றிற்காக மாணவர்கள் இரவு பகலாக உழைத்திருப்பர். ஆயினும் தேநீர் இடைவேளையில் அவ்வழியே செல்வோரைச் சற்றே உற்று நோக்கின், அவருள் நின்று படிப்போர் மிகச் சிலரே என்பது புலப்படும். நடுவர் குறிப்பேட்டோடு வந்து நிற்கும்போது மட்டும் மாணவர் மனப்பாடமாக ஒப்பிக்கின்றார். நடுவர் நகர்ந்ததும் சுவரும் மௌனமாகி விடுகின்றது.

இதற்குக் காரணம் மாணவரின் சோம்பல் அன்று. பன்னிரண்டு பக்கக் கட்டுரையைச் சுருக்கிச் சிறிய எழுத்தில் ஒரே தாளில் அடைத்துவிட்டால் சுவரொட்டி ஆகிவிடும் என்னும் எண்ணமே காரணம். அவ்வெண்ணத்தை அவருக்கு ஊட்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாம்தாம். முன்னுரை, நோக்கம், வழிமுறை, முடிவு, நன்றியுரை என்று கட்டம் கட்டமாகக் கேட்பதும் நாமே. எந்தக் கட்டமும் விடுபடாதிருந்தால் மதிப்பெண் தருவதும் நாமே.

சுவரொட்டி அமர்வு என்னும் வழக்கம் அறிவியல் மாநாடுகளில் தோன்றி நெடுங்காலம் ஆகிவிடவில்லை. 1969-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு மத்ரித் நகரில் ஐரோப்பிய உயிர்வேதியியலார் கூடிய மாநாட்டில் அது இடம்பெற்றது. 1974-இல் அமெரிக்காவிற்கும் சென்றது. கட்டுரைகள் பெருகி, அனைத்தையும் மேடையில் வாசிக்கப் பொழுது போதாமற் போன நிலையில் எழுந்த ஏற்பாடு அது. மேடையில் ஒருவர் பேச நூறு பேர் கேட்பர். சுவரொட்டியின் முன்னரோ இருவர் நேருக்கு நேர் நின்று உரையாடுவர். அவ்வுரையாடலைத் தொடங்கி வைப்பதே சுவரொட்டியின் வேலை. முழு ஆய்வையும் அது சுமக்க வேண்டியதில்லை. 2019-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வு மாணவராக இருந்த மைக் மாரிசன் என்பவர், தாளின் நடுவே ஆய்வின் முடிவை எளிய ஒற்றை வாக்கியமாகப் பெரிதாக எழுதிவிட்டு, விவரங்களை ஓரங்களுக்குத் தள்ளும் அமைப்பு ஒன்றைப் பரப்பினார். சான்றுகள் ஓரத்தில் ஒடுங்கிவிடுகின்றன என்று அதைக் குறை கூறுவோரும் உளர். அக்குறையில் உண்மை உண்டு. எனினும் ஒற்றை வாக்கியத்தில் சொல்ல இயலாத முடிவை ஆய்ந்தவரே இன்னும் தெளிவாக அறியவில்லை என்றுதான் நான் கருதுவேன்.

நம் ஊர்ச் செய்தியையே எடுத்துக்கொள்வோம். மேற்கு மாம்பலம் என்றதும் சென்னைவாசிகள் முற்காலத்தில் கொசுவையும் யானைக்கால் நோயையுமே முதலில் நினைப்பர். மாம்பலத்துக் கொசுவைப் பற்றி வழங்கிய வேடிக்கைப் பேச்சுகளுக்குக் கணக்கில்லை. 1923-இல் தொடங்கி நெடிய ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. இருப்புப் பாதைக்கு மேற்கே ஏரி இன்று இல்லை. லேக் வியூ ரோடு என்னும் பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. அந்தச் சாலையில்தான் எம். சி. சுப்பிரமணியம் என்னும் தொண்டர் 1950-களில் தொடங்கிய பொது சுகாதார மையம், எளியோருக்குக் குறைந்த கட்டணத்தில் மருத்துவம் அளிக்கும் நிலையமாக வளர்ந்தது.

இப்பகுதி மக்களுக்காகக் கொசுவைப் பற்றி ஒரு சுவரொட்டி எழுதச் சொன்னால் நம் மாணவர் என்ன எழுதுவர்? பெரிய கொசு ஒன்றை வரைவர். அதன்மேல் சிவப்பில் பெருக்கற்குறி இடுவர். கீழே, சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைப்போம் என்று எழுதுவர். இதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் பார்ப்பவருக்கு முன்பே தெரியாத செய்தியும் ஒன்றுமில்லை. சாக்கடையைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு, மாநகராட்சியை ஏசிவிட்டு அவர் வீட்டிற்குள் சென்றுவிடுவார். அவர் வீட்டு மாடியில் மூடி சரியாகப் பொருந்தாத தண்ணீர்த் தொட்டி இருக்கும்.

அறிவியல் சொல்லும் செய்தி சாக்கடையோடு நிற்பதில்லை. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு அழுக்கு நீரில் பெருகுகிறது. சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி என்னும் கொசுவோ கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் உள்ள நல்ல நீரை நாடுகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, பூந்தொட்டித் தட்டிலும் குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டிலும் தேங்கிய சிறிதளவு நீரிலேயே வளர்ந்து, பகலில் கடிக்கிறது. அதன் முட்டைகள் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றிய பின்னும் பல மாதம் உயிரோடிருக்கும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். மூன்று கொசு, மூன்று நீர். இம்மூன்றையும் மூன்று படமாக வரைந்து, ‘உங்கள் வீட்டில் எந்தத் தண்ணீர்?’ என்று மேலே கேட்டுவிட்டால் அது சுவரொட்டி. அதைக் காண்பவர் தம் வீட்டின் மாடியை மனத்தில் ஒருமுறை ஏறிப் பார்த்தே தீருவார்.

மற்றொன்றும் உண்டு. யானைக்கால் நோய்க்கான இரத்தப் பரிசோதனைக்குச் சுகாதாரப் பணியாளர் இரவில் வருவது வழக்கம். தூங்குகிற வேளையில் கதவைத் தட்டுகிறாரே என்று சலித்துக்கொண்டவர் பலர். காரணம் வியப்பானது. அந்நோயின் நுண்புழுக்கள் பகலில் உடலின் உள்ளே நுரையீரல் நாளங்களில் ஒதுங்கியிருந்து, இரவில்தான் தோலை ஒட்டிய இரத்த ஓட்டத்திற்கு வருகின்றன. அவற்றைச் சுமந்து செல்லும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுவே. புழுவின் கடிகாரமும் கொசுவின் கடிகாரமும் ஒன்றாக ஓடுகின்றன. ஒரு கடிகார முகத்தை வரைந்து, இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரையுள்ள பகுதியைக் கருமையாக்கி, ‘இவர் ஏன் இரவில் வருகிறார்?’ என்று எழுதினால், வகுப்பறைக்கும் அது பாடம், வீதிக்கும் அது விளக்கம். பரிசோதனைக்குக் கை நீட்டத் தயங்கும் முதியவர் ஒருவர் அதைப் படித்தபின் கை நீட்டக்கூடும் அல்லவா?

வினா எழுப்பும் சுவரொட்டியின் ஆற்றலைத் தமிழகம் அறியாததன்று. 2000-களின் தொடக்கத்தில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காகப் புள்ளிராஜா என்னும் கற்பனை மனிதரின் பெயரைச் சொல்லி ஒற்றைக் கேள்வி கேட்ட விளம்பரங்கள் ஊரெங்கும் காணப்பட்டன. யார் அந்தப் புள்ளிராஜா என்று தேநீர்க் கடைகளில் பேச்சு எழுந்தது. அதன் சுவையைப் பற்றிப் பெரியோர்களிடையே கருத்து வேறுபாடு இருந்திருக்கலாம். கூச்சத்தால் பேசாதிருந்த ஒன்றைப் பேச வைத்தது என்பதை மறுக்க இயலாது.

கண்ணால் கண்டு தெளியும்படி தரவுகளை அமைப்பதற்கு உலகறிந்த சான்று, இலண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ 1854-இல் வரைந்த வாந்திபேதி வரைபடம். தெருவின் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறந்தோர் எண்ணிக்கையைக் கரிய கோடுகளாக அடுக்கினார். கோடுகள் பிராட் தெருவின் தண்ணீர்க் குழாயைச் சுற்றி மொய்த்தன. வரைபடத்தைக் கண்டதும் குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது என்று பலர் கதை சொல்வர். உண்மையில் கைப்பிடி முன்னரே அகற்றப்பட்டது, வரைபடம் பின்னரே வெளிவந்தது. அதனால் அதன் பெருமை குறையவில்லை. நோய் காற்றில் வருகிறது என்று நம்பிய உலகத்தோடு பின்னாளிலும் வாதாடிக் கொண்டிருந்தது அந்தப் படம். நம் மாணவர் நால்வர் சேர்ந்து மேற்கு மாம்பலத்தின் இரண்டு தெருக்களை எடுத்துக்கொண்டு, மூடியுள்ள தொட்டி, மூடியில்லாத தொட்டி, கிணறு, நிலத்தடித் தொட்டி என வீட்டு எண்களை மறைத்துப் புள்ளிகளாகக் குறித்தால், வலைத்தளத்திலிருந்து இறக்கிய எந்த வண்ணப் படமும் அதற்கு ஈடாகாது.

இனி எழுத்தைப் பற்றிச் சிறிது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வேற்றுமை உருபும் விகுதியும் சேரச்சேர மேலும் நீள்பவை. ஆங்கிலச் சுவரொட்டியின் அளவை வைத்துக்கொண்டு தமிழை அதில் புகுத்தினால் எழுத்தைச் சிறிதாக்க நேரிடும். சொற்களைக் குறைப்பதே வழி. இரண்டடி மூன்றடித் தொலைவில் நின்று படிக்க 24 புள்ளி அளவேனும் வேண்டும். தலைப்பு அதைப்போல் மூன்று நான்கு மடங்கு இருத்தல் நலம். இகர விசிறி மேலேயும் உகரச் சுழி கீழேயும் நீள்வதால் வரிகளுக்கிடையே ஆங்கிலத்திற்கு விடுவதைவிடக் கூடுதல் இடம் விட வேண்டும். தடித்த எழுத்தில் ணகரத்தின் சுழிகள் மையால் அடைபட்டுப் போகும். அலங்கார எழுத்தில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மயங்கிக் கொசு, கோசு ஆகிவிடும். முட்டைக்கோசை ஒழிக்க நாம் புறப்படவில்லை.

அச்சகத்திலும் கவனம் தேவை. ஒருங்குறியில் தட்டச்சு செய்ததைப் பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டும்போது, எழுத்துக்கு முன் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றுவிடுகிறது, புள்ளிகள் உதிர்ந்துவிடுகின்றன. கடைக்காரருக்குத் தமிழ் தெரிந்திருந்தாலும் அவர் அவசரத்தில் பார்ப்பதில்லை. முழு அளவில் அச்சேற்றும் முன் சிறு தாளில் ஒரு மெய்ப்பு எடுத்து, தமிழ்த்துறை மாணவர் ஒருவர் திருத்தித் தருவதை வழக்கமாக்கலாம். சிவப்பையும் பச்சையையும் அருகருகே வைத்து வேறுபாடு காட்டுவதைத் தவிர்க்க வேண்டும். ஆண்களுள் சிலருக்கு அவ்விரு நிறங்களும் பிரித்தறிய இயலாதவை.

பன்னாட்டுக் கருத்தரங்கில் தமிழ் எதற்கு என்று அறிவியல் துறை நண்பர்கள் கேட்பர். நியாயமான கேள்வியே. வெளிநாட்டு ஆய்வாளர் வரும் அரங்கில் ஆங்கிலம் இருக்கட்டும். ஆனால் நம் கல்லூரித் தாழ்வாரத்தில் நடந்து செல்வோர் யாவர்? குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த மாணவர். கண்காட்சி நாளில் மகளின் படைப்பைக் காண வந்த தாய். துறைக்கு நிதியுதவி செய்யும் பெரியவர். மகளே செய்த சுவரொட்டியின் முன் தாய் நின்று, புரியாமல் புன்னகைத்துவிட்டுச் செல்வதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். தலைப்பும் முடிவும் படக்குறிப்புகளும் தமிழில் இருந்தால் அந்தத் தாய் ஒரு கேள்வியாவது கேட்பார். தன் ஆய்வைத் தாய்க்கு விளக்க முனையும்போதுதான் மகளுக்கும் தனக்குப் புரியாத இடம் எதுவென்று தெரியவரும்.

கலைச்சொல் இல்லை என்னும் சாக்கு இன்று செல்லாது. 1916-ஆம் ஆண்டிலேயே சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் கலைச்சொற்களுக்காகவே ஒரு சங்கம் கண்டு இதழும் வெளியிட்டனர். இன்றைய இடர்ப்பாடு வேறு: அகராதியில் கண்ட கடுஞ்சொல்லை அப்படியே சுவரில் ஏற்றிவிடுவது. மக்கள் வாயில் வழங்கும் யானைக்கால் நோய் இருக்க வேறு புனைவு எதற்கு? டெங்கு டெங்காகவே இருக்கட்டும்.

மதிப்பிடும் முறையையும் மாற்ற வேண்டும் என்பது என் வேண்டுகோள். பளபளப்பிற்கும் சரிகைத் தாளுக்கும் பரிசு என்றால் செலவு செய்ய வல்லவர் வெல்வர். மேசை விளக்கில் கையால் வரைந்த ஏழை மாணவர் தோற்பார். வேறு துறை மாணவர் மூவரை ஒரு நிமிடம் சுவரொட்டியின் முன் நிறுத்திவிட்டு, அப்பால் அழைத்து, அவர் அறிந்துகொண்டது என்னவென்று கேட்டால் போதும். மூவரும் ஒன்றையே சொன்னால் அதற்கே முதற்பரிசு தரலாம்.

கருத்தரங்கு முடிந்ததும் இப்படைப்புகள் சுருட்டப்பட்டு அலமாரியின் மேல் ஏறிவிடுகின்றன. உரியவர்களின் இசைவு பெற்று, நியாயவிலைக் கடையிலும், நூலகத்திலும், வழிபாட்டிடங்களின் அறிவிப்புப் பலகையிலும் அவற்றை வைக்கலாம். கொசுச் சுவரொட்டியாயின் அதன் கீழ் மூலையில் சிறிது வெற்றிடம் விட்டு, எந்த வாரம் எந்தத் தெருவில் தொட்டிகள் பார்க்கப்பட்டன என்று மையால் எழுத இடம் வைத்தால், அடுத்த மழைக்காலம் வரை அது சுவரில் இருக்கும்.