நொய்யலுக்குப் போன செலவு

“நாலு பேருக்குச் சோறு போடுகிற தொழில். கொஞ்சம் கழிவு வரத்தான் செய்யும். அதைப் பெரிதாக்கினால் தொழில் ஊரை விட்டே போய்விடும்.” கொங்கு நாட்டில் டீக்கடையில் உட்காருகிறவரும் சொல்கிறார், மேடையில் பேசுகிறவரும் சொல்கிறார். இந்தப் பேச்சு தவறு. தவறு என்பதற்குப் பனியன் ஊரான திருப்பூரே சாட்சி.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சாதாரண உப்பையோ சோடியம் சல்பேட்டையோ சாயத் தண்ணீரில் மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கும், உப்பு தங்காது. போட்ட உப்பு கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். அதில் நிறத்தை எடுப்பதைவிட உப்பை எடுப்பதுதான் பெரிய வேலை. கரைந்த உப்பை எடுக்கத்தான் ஆர்.ஓ. எந்திரம் வேண்டும், அதிலும் மிஞ்சுகிற கரிப்பு நீரைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். இரண்டுக்கும் செலவு அதிகம். அந்தச் செலவைச் செய்யாமல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் ஆண்டுக்கணக்கில் கழிவை நொய்யல் ஆற்றில் விட்டன. பனியன் விலை மலிவாக நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

பட்டறைக்காரர் செய்யாத செலவு எங்கே போனது? வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேருகிற ஆறு நொய்யல். பாசனத்துக்காக அதன் குறுக்கே மக்கள் வரிப்பணத்தில் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டி, 1992இல் முடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. தண்ணீர் விடச் சொல்லிப் போராட வேண்டிய ஆயக்கட்டு விவசாயிகள், விடாதீர்கள் என்று மன்றாடினார்கள். கிணறுகள் உப்பேறின. வெள்ளாமை படுத்தது. பட்டறை முதலாளியும் வெளிநாட்டு பிராண்டும் கொடுக்காத பணத்தை, அந்தத் தொழிலில் ஒரு பைசா லாபம் பார்த்திராத குடியானவர்கள் தங்கள் மண்ணால் கட்டினார்கள்.

வேலை கிடைத்ததே என்பார்கள். கிடைத்தது, லட்சக்கணக்கானவர்களுக்கு. பஞ்சம் பிழைக்க வந்த எத்தனையோ குடும்பங்களைத் திருப்பூர் தூக்கிவிட்டிருக்கிறது; அதை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் தையல் மெஷினில் உட்கார்ந்தவரின் சம்பளம், கிணறு செத்துப்போனவருக்கு எப்படி ஈடாகும்? நன்மை ஒருவருக்கு, நட்டம் இன்னொருவருக்கு. நட்டப்படப் போகிறவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தொழில் போய்விடும் என்ற மிரட்டலுக்கு வருவோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அடி பலமாகத்தான் விழுந்தது. சிறு பட்டறைகள் பல மீளவே இல்லை, தொழிலாளர்கள் தவித்தார்கள். அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது, அதுவும் பொதுப்பணம்தான். சொட்டுக் கழிவும் வெளியேறாத பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கத் தொடங்கின. நீரும் உப்பும் மீண்டும் பட்டறைக்கே திரும்பின. அன்று ஏறத்தாழ 12,000 கோடி ரூபாயாக இருந்த ஆண்டு ஏற்றுமதி, 2022-23இல் 30,000 கோடியைத் தாண்டியது. தொழில் எங்கும் போகவில்லை. முதலிலேயே இதைச் செய்திருந்தால் அத்தனை பட்டறைகள் ஒரே நாளில் இழுத்து மூடப்பட்டிருக்காது.

கழிவுநீர் விதி யாரைக் காப்பாற்றுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கழிவைச் சுத்தம் செய்கிற பட்டறைக்குத் துணி கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று கூடுதல் செலவு. ராத்திரியில் ஆற்றில் திறந்துவிடுகிறவருக்கு அது மிச்சம். கண்காணிப்பு இல்லாத இடத்தில் யோக்கியமானவர்தான் முதலில் ஆர்டரை இழப்பார். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் அனுமதியில்லாத சாயப்பட்டறைகளை அதிகாரிகள் இடிப்பதும், அவை மறுபடி முளைப்பதும் இன்றும் நடக்கிறது.

பாலாற்றிலும் இதே கதைதான். அங்குள்ள தோல் தொழிற்சாலைகள் வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அதே பாலாற்றுக்காக, அதே இழப்பீட்டுக்காக, 2025 ஜனவரியில் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. கழிவு கொஞ்சம்தான் என்று சொல்கிறவர்கள் இந்த 29 ஆண்டுகளுக்குப் பதில் சொல்லட்டும். அரசு இனி ஒரு தொழிலுக்கு அனுமதி கொடுக்குமுன், ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கிறவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கட்டும். பனியன் வாங்குகிற பிராண்டுகள் உப்பை மீட்கிற செலவையும் சேர்த்து விலை கொடுக்கட்டும்.