ஒரு பானை சோறும் மூன்று தோட்டாவும்

மூணே மூணு தோட்டா சுட்டுவிட்டு, "என் ரைஃபிள் அரை அங்குலத் துப்பாக்கி" என்று ஒருத்தர் சொன்னால் நம்பாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. அட்டையில் மூன்று ஓட்டைகளும் அரை அங்குலத்துக்குள்தான் இருக்கும். ஆனா அதிலிருந்து அவர் எடுக்கிற முடிவுக்கு அந்த அட்டை சாட்சி சொல்லாது என்பதுதான் என் கட்சி.

முதல்ல ஒரு தன்னிலை விளக்கம். நான் துப்பாக்கி ஆள் கிடையாது. அமெரிக்காவில் மாணவர் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டம் தடை போடுகிறது. வேட்டை உரிமம் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. எனக்கு அந்த வம்பே வேண்டாம். விஸ்கான்சினில் புள்ளியியல் முதுகலை படிக்கிறேன். கூடப் படிக்கிற உள்ளூர்ப் பையன் ஒருத்தன், நவம்பரில் வரும் ஒன்பது நாள் மான் வேட்டைக்காக வருஷம் பூரா சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவன். அவன் சுடுவான். நான் பின்னால் உட்கார்ந்திருந்து, அப்புறம் காலிப்பரால் அட்டையை அளந்து நோட்டில் எழுதுவேன். அந்த உரிமையில்தான் பேசறேன் :-)

தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா: சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை எடுத்து, புது பிரைமர் வைத்து, வெடிமருந்தை நிறுத்துக் கொட்டி, மேலே குண்டைப் பொருத்தினால் தோட்டா ரெடி. மருந்தை கிரெய்ன் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். எவ்வளவு மருந்து போட்டால் குண்டுகள் நெருக்கமாகப் போய் விழும் என்பதுதான் தேடல். பலரும் செய்கிற முறை இது: 0.3 கிரெய்ன் ஏற்றி ஏற்றிப் பத்து அளவுகள், ஒவ்வொன்றிலும் மூன்று தோட்டா, 100 கஜத்தில் சுடுவது. ஒன்றுக்கொன்று ரொம்பத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் குரூப்பின் அளவு. எந்த குரூப் சின்னதோ அந்த மருந்தளவு ஜெயித்தது.

கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு நாமளும் சொல்றோமே? அந்தப் பழமொழி பலிக்கக் காரணம் உண்டு. ஒரே பானை, ஒரே தண்ணி, ஒரே தீ. அரிசியெல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல் வேகும், அதனால ஒன்றைத் தொட்டுப் பார்த்தால் போதும். துப்பாக்கியில் நாம் அளக்க வந்ததே ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசத்தைத்தான். ஒரு சோறை நசுக்கிப் பார்த்து, மத்த சோறெல்லாம் தங்களுக்குள் எவ்வளவு மாறுபடுதுன்னு சொல்ல முடியுமா?

கணக்குக்கு வருவோம். மேல்-கீழ், இடம்-வலம் இரண்டிலும் குண்டுகள் ஒரே அளவு திட்டவிலக்கத்தோடு இயல்நிலைப் பரவலில் சிதறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிக் கணக்குகளை அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஃபிராங்க் கிரப்ஸ் 1964-லேயே ரைஃபிள்காரர்களுக்காக எழுதி வைத்துவிட்டார். திட்டவிலக்கம் 1 என்றால், மூன்று குண்டு குரூப்பின் சராசரி அளவு 2.41. ஐந்து குண்டுக்கு 3.07, பத்துக்கு 3.81, இருபதுக்கு சுமார் 4.5. அதாவது மூன்று குண்டில் சராசரியாக 1 அங்குலம் காட்டும் அதே துப்பாக்கி, பத்தில் சுமார் 1.6 அங்குலம், இருபதில் சுமார் 1.9 அங்குலம் காட்டும். துப்பாக்கி ஒண்ணும் கெட்டுப்போகலை. சுடச் சுட குரூப் பெருசாகும், இல்லைன்னா அப்படியே நிற்கும், சுருங்கவே சுருங்காது.

அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று. அதே துப்பாக்கி, அதே தோட்டா, அதே ஆள். அப்பவும் மூன்று குண்டு குரூப் முறைக்கு முறை மாறும். அதன் திட்டவிலக்கம் சராசரியில் சுமார் 37 சதவீதம். நம்ம 1 அங்குலத் துப்பாக்கிக்கு இன்னைக்கு 0.6, நாளைக்கு 1.4 என்பது சர்வ சாதாரணம். பத்து குரூப் சுட்டால் அதில் ஒன்றாவது அரை அங்குலத்துக்குள் அடங்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இப்ப அந்தப் பத்து மருந்தளவை நினைச்சுப் பாருங்க. மருந்தின் அளவால் துளி வித்தியாசமும் இல்லைன்னே வைத்துக்கொள்வோம். அப்பவும் பத்தில் ஒன்று ஜெயிச்சே தீரும், சீட்டுக் குலுக்கினா யாராவது ஒருத்தர் பேர் வர்ற மாதிரி. அந்த அளவில் 200 தோட்டா நிரப்பிக்கிட்டு அடுத்த வாரம் போனா குரூப் பழையபடி ஒரு அங்குலம். உடனே காத்து மேல பழி, ஸ்கோப் மேல பழி, காலையில குடிச்ச காபி மேலயும் பழி!

குண்டின் வேகத்திலும் இதே கதைதான். ஐந்து தோட்டாவின் வேகத்தை அளந்து, திட்டவிலக்கம் வினாடிக்கு 10 அடின்னு வந்தால், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 6 முதல் 29 வரை நீளும். முப்பது சுட்டு அதே 10 வந்தால்தான் அது 8-லிருந்து 13-க்குள் சுருங்கும். ஐந்துக்கு ஐந்து சுட்டுவிட்டு, "12-ஐ 9 ஆக்கிட்டேன்" என்று குதிப்பதில் அர்த்தமே இல்லை.

ஸ்கோப்பைச் சரிசெய்வதைப் பாருங்கள். நம்ம 1 அங்குலத் துப்பாக்கியில் மூன்று குண்டின் மையப்புள்ளியே ஒவ்வொரு திசையிலும் சுமார் கால் அங்குலம் தடுமாறும். பெரும்பாலான ஸ்கோப்களில் ஒரு கிளிக் திருப்பினால் 100 கஜத்தில் நகர்வதும் அதே கால் அங்குலம்தான். மூன்று சுட்டு ஒரு கிளிக், மறுபடி மூன்று சுட்டு திருப்பி ஒரு கிளிக் என்று உட்கார்ந்திருப்பவர் தன் நிழலைத்தானே துரத்துகிறார்.

"தம்பி, தோட்டா என்ன சும்மாவா வருது?" என்ற கேள்வி நியாயமானது. 2020-க்குப் பிறகு பிரைமர் தட்டுப்பாட்டில் ஆட்கள் கடை கடையாக அலைந்தார்கள். சுடுகிற ஒவ்வொரு குண்டும் குழாயின் ஆயுளையும் தின்கிறது. சூடான மேக்னம் வகைகளில் ஆயிரத்துச் சொச்சம் குண்டிலேயே குழாய் தேய்ந்துவிடும். சின்ன சாம்பிள் ஒன்றும் பாவமில்லை. கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த காசெட், 'ஸ்டூடன்ட்' என்ற பேரில் 1908-ல் எழுதிய கட்டுரையே சின்ன சாம்பிளை எப்படிக் கையாளுவது என்பதைப் பற்றித்தான். கொஞ்சமா அளந்தா, கொஞ்சமாத்தான் தெரியும்னு ஒத்துக்கணும். அவ்வளவுதான் விஷயம்.

அதனால நான் சொல்வது, செலவைக் கூட்டாதீங்க, கேள்வியைக் குறையுங்க. பத்து அளவுக்கு மூணு மூணாகச் செலவாகிற முப்பது தோட்டாவை, நிரப்பும் கையேட்டு வரம்புக்குள் இருக்கிற ஏதாவது ஒரு அளவில் போட்டுச் சுடுங்கள். பல நாளில், ஒரே குறியைப் பார்த்து. அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மையத்திலிருந்து ஒவ்வொரு ஓட்டையும் எவ்வளவு தூரம் என்று அளந்து சராசரி போடுங்கள். குரூப் அளவில் இரண்டு ஓட்டைகள்தான் பேசும், இதில் முப்பதும் பேசும். "அந்த ஒண்ணு என் கை நடுங்கினது, கணக்கில் சேர்க்காதே" என்பதும் கூடாது; விலக்கணும்னா அட்டையைப் பார்க்கும் முன்பே சொல்லிடணும்.

மூன்று தோட்டாவுக்கும் ஒரு உபயோகம் உண்டு. மூன்றிலேயே மூன்று அங்குலம் வந்துவிட்டால் அந்த அளவைத் தூக்கிப் போடலாம், இனிமே அது சுருங்கப் போவதில்லை. ஒரு தோட்டாவை வேண்டாம்னு சொல்ல மூன்று போதும், வேணும்னு சொல்லத்தான் போதாது.

அட்டையில் ஓட்டை போடுவதோடு நிறுத்திக்கொள்பவர்கள் எதை நம்பினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. வேட்டைக்காரர் விஷயம் வேறு. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் 8 அங்குலம். தன் துப்பாக்கி அரை அங்குலம் என்று நம்புகிறவர், 500 கஜத்தில் தன் குண்டுகள் இரண்டரை அங்குலத்துக்குள் விழும் என்று நினைத்துக் குதிரையை அழுத்துவார். நிஜத்தில் அது நம்ம 1 அங்குலத் துப்பாக்கியாக இருந்தால், இருபது குண்டின் பரப்பு அங்கே 9 அங்குலத்தைத் தாண்டும். காற்றையும் கை நடுக்கத்தையும் இன்னும் சேர்க்கவே இல்லை. குடலில் குண்டு பட்ட மான் உடனே விழாது. காட்டுக்குள் ஓடி, எங்கேயோ ஒரு புதரில் மணிக்கணக்கில் கிடந்து சாகும்.