ராஜா ராணியான கதை

போன இதழில் பரீட்சை நேரத்துச் சாப்பாடு பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை எங்கள் வீட்டுப் பச்சோந்தியைப் பற்றி. ஐயே என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே!

நாங்கள் ஹூஸ்டனில் இருக்கிறோம் அல்லவா, இங்கே கடையிலேயே விற்கிறார்கள். 'வெய்ல்டு கமீலியன்' என்று பெயர். ஏமன், சவூதி அரேபியாப் பக்கத்து ஜாதி. தலையில் உயர்ந்த கொண்டை. (நம் ஊர்த் தோப்பில் திரிகிற பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பது 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆசைப்பட வேண்டாம்.) கடைக்காரர் ஆண் என்று சொல்லிக் கொடுத்ததால் என் பிள்ளை 'ராஜா' என்று பெயர் வைத்தான்.

முதலில் அருவருப்பாகத்தான் இருந்தது. அப்புறம் நானே தினமும் சுவர்க்கோழிப் பூச்சியை வேண்டிய மட்டும் போட ஆரம்பித்துவிட்டேன். கேட்கிற வயிற்றுக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வராது. அதுதான் தப்பாகப் போச்சு.

ஏழாம் மாசம் ராஜா சாப்பாட்டைத் தொடவில்லை. கிளையை விட்டு இறங்கிக் கூண்டின் மூலையைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. அஜீரணமாக இருக்கும் என்று மூன்று நாள் சும்மா இருந்துவிட்டேன். பிள்ளை அழுத பிறகுதான் டாக்டரிடம் ஓடினோம்.

அந்தம்மா பின்னங்காலைத்தான் முதலில் பார்த்தார். ஆணுக்குக் குதிகாலில் சின்ன முள் மாதிரி ஒரு முண்டு, பிறக்கும்போதே இருக்குமாம். இதற்கு இல்லை. "பெண். வயிறு நிறைய முட்டை" என்றார். துணையே இல்லாமலா என்று வாயைப் பிளந்தேன். சேவல் இல்லாமல் கோழி இடவில்லையா! தோண்ட மண் இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிரைக் குடித்துவிடுமாம்.

அன்றைக்கே ஒரு வாளியில் ஓர் அடி உயரம் ஈர மணல் நிரப்பினோம். விரலை விட்டால் குழி சரியாமல் நிற்கிற பதம். யாராவது பார்த்தால் பாதியில் விட்டுவிடும் என்று கூண்டைச் சுற்றிப் புடவையைக் கட்டினேன். பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற மாதிரி ராத்திரி தூக்கமே இல்லை. மறுநாள் மதியம் ஒட்டிய வயிறோடு மேலே ஏறி வந்தது. மணலில் நாற்பத்து மூன்று முட்டை!

பூச்சி நிறையப் போட்டால் முட்டையும் நிறைய உண்டாகி உடம்பு உருகிவிடுமாம். இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான், அதுவும் கால்சியம் பொடியில் புரட்டி. கால்சியமும் அதற்கென்று உள்ள புற ஊதா விளக்கும் இல்லாவிட்டால் எலும்பு வளைந்துவிடும். கிண்ணத்துத் தண்ணீரைச் சீந்தாது. இலையில் தெளித்தால் சொட்டை நக்கும். கண் குழி விழுந்தாலோ எச்சத்தின் வெள்ளைப் பகுதி ஆரஞ்சாகப் போனாலோ தண்ணீர் போதவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் மட்டும் இது வேண்டவே வேண்டாம். ஊர்வனவற்றின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கும். ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு அது பொல்லாத பேதி கொண்டுவரும். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் என் பிள்ளைக்குத் தட்டு கிடையாது. கூண்டுச் சாமானைச் சமையலறைத் தொட்டியில் கழுவவும் விடமாட்டேன்.

கூண்டுக்குள் ஒரு செம்பருத்தித் தொட்டி வைத்திருக்கிறேன். பூவை விட இலைதான் ராணியம்மாளுக்கு இஷ்டம். என்னவர் மட்டும் இன்னமும் ராஜா என்றுதான் கூப்பிடுகிறார்.